வழியில் ஒழுகும் வெப்பம்

விடியற்காலையில் பால்மரம் வெட்டப் புறப்பட்ட தோட்டத் தொழிலாளர், தூக்குச் சட்டியில் கொதிக்கக் கொதிக்கக் காப்பியை ஊற்றி எடுத்துச் செல்வது அந்நாளைய வழக்கம். வெட்டும் நிரை லயத்துக்கு அருகில் இருந்தால் பசியாறும் வேளையிலும் காப்பியில் சூடு இருக்கும். தொலைவில் இருந்தால் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். அடுப்பில் குறையில்லை, காப்பியிலும் குறையில்லை. குறை நேர்ந்தது வழியில். இதை உணர்ந்தவர் சட்டியைத் துணியால் சுற்றினார். கையில் காசு சேர்ந்தபின் பிளாஸ்க் வாங்கினார்.

இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கிய உண்மையையே ஓர் ஊர் முழுவதற்கும் பொருத்திப் பார்த்து, குளிர்நாட்டினர் அண்மைக் காலத்தில் அரிய ஆராய்ச்சிகளை நடத்தியுள்ளனர். அவற்றில் பல்கலைக்கழக அறிஞர்களோடு ஒரு குழாய்த் தொழிற்சாலையும் பங்கேற்றது. குழாய் செய்து விற்பவருக்கு ஆராய்ச்சியில் என்ன வேலை? வெயில் நாடாகிய மலேசியாவுக்கு அதனால் ஆவது என்ன? இவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கன.

கடலில் கலக்கும் சூடு

போர்ட் கிள்ளானுக்கு வடக்கே, கடலோரத்தில் காப்பார் அனல்மின் நிலையம் அமைந்துள்ளது. இத்தகைய நிலையங்களில், எரிக்கும் நிலக்கரியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரைதான் மின்சாரமாகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகைபோக்கி வழியே வானுக்குப் போகிறது; பெரும்பகுதி, நீராவியைக் குளிர்விக்கும் நீரோடு கடலுக்குப் போகிறது. ஆண்டு முழுதும் வெயில் காயும் நாட்டில் அந்தச் சூட்டைக் கேட்பாரில்லை.

டென்மார்க்கில் நிலைமை வேறு. அங்கே பல மின்நிலையங்களில் நீராவியைச் சற்று முன்னதாகவே பிரித்தெடுத்து, அதன் சூட்டினால் தண்ணீரைக் காய்ச்சி, நிலத்தடிக் குழாய்களின் வழியாக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். குப்பையை எரிக்கும் உலைகளின் சூடும், ஆலைகள் கழிக்கும் சூடும் இவ்வாறே பயன்படுகின்றன. ஒரு குழாயில் போகும் சுடுநீர், வீட்டில் தன் வெப்பத்தை இறக்கிவிட்டு மற்றொரு குழாயில் திரும்பி வருகிறது. தண்ணீர் இங்கே சரக்கன்று. சரக்கைச் சுமந்து சென்று வெறுங்கையோடு திரும்பும் சுமையாள். வெப்பமே சரக்கு. இம்முறையைத் தமிழில் ‘வட்டார வெப்ப வழங்கல்’ எனலாம்.

இதனை வாணிக முறையில் முதன்முதல் நிறுவியவர் அமெரிக்கரான பேர்ட்சில் ஹாலி. 1877இல் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் நகரில் நீராவியைக் குழாய்களில் அனுப்பினார். பின்னர் நீராவி போய், 100 பாகைக்கு மேற்பட்ட அழுத்தச் சுடுநீர் வந்தது. அதன்பின் 100 பாகைக்குக் குறைந்த நீர் வந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி மூண்டபோது டென்மார்க் தன் எரிசக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. அந்த இடரே 1979ஆம் ஆண்டின் வெப்ப வழங்கல் சட்டத்துக்கு வழிவகுத்தது. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இம்முறையால் சூடேற்றப்படுகின்றன.

நல்ல வீடு தந்த தொல்லை

இவ்வளவு சிறப்பாக நடந்துவந்த முறைக்கு எதிர்பாராத இடையூறு ஒன்று வந்தது. வீடுகள் நல்ல வீடுகளானதே அந்த இடையூறு! புதிய கட்டடங்களின் சுவரும் சாளரமும் வெப்பத்தை வெளியே விடாதவாறு அமைக்கப்பட்டன. ஆதலால் வீட்டுக்கு வேண்டிய வெப்பம் குறைந்தது. ஆனால் தெருவில் புதைத்த குழாய் இழக்கும் வெப்பமோ குறையவில்லை.

ஒரு கணக்கு இதை விளக்கும். உலையிலிருந்து 100 பங்கு வெப்பம் புறப்படுகிறது. வழியில் 20 பங்கு இழந்து, வீடுகளுக்கு 80 பங்கு சேர்கிறது என்று கொள்வோம். இழப்பு ஐந்தில் ஒன்று. வீடுகளின் தேவை பாதியாகக் குறைந்து 40 ஆனாலும், குழாயின் சூடு மாறாததால் இழப்பு அதே 20 பங்குதான். இப்போது 60 அனுப்பினால் 20 போகிறது. இழப்பு மூன்றில் ஒன்றாகிவிட்டது. சிக்கனமான வீட்டைக் கட்டியவர், தெருவில் வீணாகும் வெப்பத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டவேண்டிய நிலை உண்டாயிற்று.

இதற்கு மருந்து என்ன? குழாய் இழக்கும் வெப்பம், நீரின் சூட்டுக்கும் மண்ணின் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. 80 பாகையில் போய் 40 பாகையில் திரும்பும் நீரின் சராசரி 60 பாகை. டென்மார்க்கின் மண் 8 பாகை எனக் கொண்டால் வேறுபாடு 52. அதே நீர் 55 பாகையில் போய் 25 பாகையில் திரும்பினால் சராசரி 40, வேறுபாடு 32. குழாயை மாற்றாமலே, சூட்டைத் தணித்த அளவில் இழப்பு ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. குளிப்பதற்கும் அறையை வெதுவெதுப்பாக வைப்பதற்கும் 55 பாகை நீர் போதுமானால், 80 பாகையில் அனுப்புவானேன்? இந்த எளிய கேள்வியிலிருந்து பிறந்ததே தாழ்வெப்ப வழங்கல் ஆராய்ச்சி. டென்மார்க்கின் ஹென்ரிக் லுண்டும் பிறரும் 2014இல் வெளியிட்ட கட்டுரை, இதனை வட்டார வெப்ப வழங்கலின் நான்காம் தலைமுறை என வகுத்துக் காட்டியது.

குழாய் செய்பவர் ஏன் வேண்டும்?

காகிதத்தில் இக்கணக்கு எளிது. நிலத்தில் அவ்வளவு எளிதன்று. நீர் 40 பாகை ஆறித் திரும்பியபோது இறக்கிய வெப்பத்தை, 30 பாகை மட்டும் ஆறும் நீர் இறக்கவேண்டுமானால், நீரின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடவேண்டும். கூடுதல் நீருக்குப் பெரிய குழாய் இட்டால், அதன் அகன்ற புறப்பரப்பு வழியாக வெப்பம் மீண்டும் ஒழுகும். சூட்டைத் தணித்துப் பெற்ற ஆதாயத்தைக் குழாயின் பருமன் விழுங்கிவிடும். ஆகவே சிறிய குழாய் வேண்டும். அதில் மிகுந்த அழுத்தத்தில் நீர் ஓடவேண்டும். அதன் மேலுறை முன்னிலும் சிறந்ததாக வேண்டும். அத்தகைய குழாய் கடைச் சரக்காகக் கிடைக்காவிடில், ஆராய்ச்சியாளர் கணக்கைப் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டியதுதான். குழாய் செய்பவர் ஆராய்ச்சிக்குள் நுழையும் இடம் இதுவே.

டென்மார்க்கின் வடபகுதியில் உள்ள லோக்ஸ்டோர் என்னும் சிற்றூரின் பெயரையே தாங்கிய நிறுவனம் ஒன்று, காப்புறையிட்ட குழாய்களை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. 2021இல் அதனை அயர்லாந்தின் கிங்ஸ்பான் குழுமம் வாங்கியது. ஆர்ஹூஸ் நகரத்தை அடுத்த லூஸ்ட்ரூப்பில், 2010ஆம் ஆண்டையொட்டி 40 வரிசை வீடுகளைக் கொண்ட புதிய குடியிருப்பில் தாழ்வெப்ப வழங்கலைச் சோதித்தபோது, டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், டென்மார்க் தொழில்நுட்ப நிலையம் முதலியவற்றோடு இந்நிறுவனமும் பங்காளியாயிற்று. நம்மவர் கண்ணுக்கு அவ்வீடுகள் லயங்களை நினைவூட்டக்கூடும்; ஒட்டி ஒட்டி வரிசையாய் அமைந்தவை.

அங்கே புதைக்கப்பட்டது இரட்டைக் குழாய். போகும் குழாயும் திரும்பும் குழாயும் தனித்தனி உறையில் இல்லாமல், ஒரே காப்புறைக்குள் அடுத்தடுத்துக் கிடக்கும். தனித்தனியே இரண்டைப் புதைப்பதைவிட இதில் இழப்பு குறைவு. தோண்டும் பள்ளமும் சிறிது. வீட்டுக்குள் நுழையும் கிளைக் குழாய்களில் ஒருவகைக்கு உள்விட்டம் 10 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரலும் நுழையாது. வீட்டில் 120 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து, அதில் சிறுகச் சிறுக வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டால், அத்துணைச் சிறிய குழாயே போதுமானதாயிற்று. தொட்டியும் குழாயும் ஒன்றை நோக்கி ஒன்று வடிவமைக்கப்பட்டன என்பது கருதத்தக்கது.

காப்புறையிலும் நுட்பம் உண்டு. இரும்பு அல்லது பிற பொருளாலான உட்குழாயைச் சுற்றிப் பாலியுரேத்தேன் நுரையும், அதற்கு மேலே பாலித்தீன் உறையும் இருக்கும். நுரையின் நுண்ணறைகளில் அடைபட்டுள்ள வாயுவே வெப்பத்தைத் தடுக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வாயு மெல்லக் கசிந்து வெளியேற, காற்று உள்ளே புகும்; காப்பின் ஆற்றல் குன்றும். இதைத் தடுக்க, நுரைக்கும் உறைக்கும் நடுவே வாயு கடக்காத மெல்லிய தகடு ஒன்றை வைக்கிறார்கள். மேலும், இரும்புக் குழாய்களின் நுரைக்குள் செப்புக் கம்பிகளை ஓடவிடுவதும் உண்டு. எங்கேனும் ஈரம் புகுந்தால், அக்கம்பிகளின் வழியே மின்தடையை அளந்து, தெருவைத் தோண்டாமலே இடத்தை அறியலாம். இவையெல்லாம் தொழிற்சாலையில் கைப்பழக்கத்தால் அறியப்படுபவை. நூலறிவால் மட்டும் எட்டுபவை அல்ல.

பயன் என்ன? லூஸ்ட்ரூப்பில் வீடுகளை அடைந்த நீர் சுமார் 50 பாகையே இருந்தும் குளிக்கவும் குளிர் காயவும் போதியதாயிற்று. குழாய்களில் இழந்த வெப்பம் சுமார் 17 சதவீதம். பழைய வழக்கப்படி அமைத்திருந்தால் இழப்பு 41 சதவீத அளவில் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். கோப்பன்ஹேகனை அடுத்த ஹோயே டோஸ்ட்ரூப்பில், முன்பே கட்டப்பட்டிருந்த 75 தனிவீடுகளுக்குப் பழைய குழாய்களை அகற்றி இரட்டைக் குழாய்களை இட்டுச் சூட்டைத் தணித்தபோதும், ஏறத்தாழ ஐந்தில் இரண்டாக இருந்த இழப்பு ஏழில் ஒன்றாகச் சுருங்கியது.

விற்பவரே சான்றாகலாமா?

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. தன் சரக்கைத் தானே சோதித்து நன்று என்பவரின் சொல்லை ஊர் நம்புமா? தராசு பிடிப்பவர் வேறு, பண்டம் விற்பவர் வேறு என்பதன்றோ முறை?

ஐயம் நியாயமானதே. லூஸ்ட்ரூப்பைப் போன்ற ஆராய்ச்சிகளில் இதற்கு மறுமொழி, வேலையைப் பங்கிட்ட விதத்தில் உள்ளது. குழாயைச் செய்தவர் தொழிற்சாலை, கணக்கிட்டவர் பல்கலைக்கழகத்தார், உலையிலிருந்து புறப்பட்ட வெப்பத்துக்கும் வீடுகளில் சேர்ந்த வெப்பத்துக்கும் சாட்சி, இரு முனைகளிலும் வைத்த அளவிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இழப்பு தானே வெளிப்படும். அளவுகளும் அச்சேறி வெளிவந்தன. ஐயமுற்றவர் மீண்டும் கூட்டிப் பார்க்கலாம். குழாய் செய்பவருக்கும் இதில் ஊதியம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. புதிய சரக்குக்குச் சந்தை பிறக்கிறது. ஊருக்கு நன்மையும் விற்பவருக்கு ஊதியமும் ஒரே வழியில் செல்லும்போது அதை வெறுக்க வேண்டுவதில்லை; ஆனால் அளவி மட்டும் எப்போதும் பிறர் கையில் இருக்கவேண்டும்.

தாழ்வெப்பத்துக்கு எல்லையும் உண்டு. வெதுவெதுப்பான நீர் நெடுநேரம் தேங்கினால் லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி அதில் பெருகும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் நீரைத் தேக்கி வைக்காமல் வேண்டும்போதே சூடாக்கும் சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். அக்கருவிக்கும் திறப்புக்கும் இடையே 3 லிட்டருக்கு மேல் நீர் நிற்காதபடி பார்த்துக்கொள்கிறார்கள். முன்சொன்ன 120 லிட்டர் தொட்டியிலும் தேங்குவது குழாய்ச் சுற்றின் நீரே. குளிக்கும் நீர் அன்று. பழைய வீடுகளிலோ, சூடேற்றிகள் சிறியனவாயின், கடுங்குளிர் நாளில் சூட்டைச் சற்று உயர்த்த வேண்டியும் வரும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் குளிர்நீர்

இனி நம் நாட்டைக் காண்போம். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இறைச்சியும் பழமும் ஏற்றிய குளிர்ப்பெட்டகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டகத்துக்கும் தனித்தனி இயந்திரம். பெரும்பாலான கட்டடங்களின் குளிர்சாதனமும் இத்தன்மையதே. பெட்டகம் ஊர் ஊராகச் செல்வது. அதற்கு வேறு வழியில்லை. கட்டடமோ நகர்வதில்லை. ஆதலால் அங்கே ஒரு பொது நிலையத்தில் நீரைக் குளிர்வித்துக் குழாய்களில் அனுப்பலாம். இது ‘வட்டாரக் குளிர் வழங்கல்’.

இம்முறை மலேசியாவுக்குப் புதிதன்று. கோலாலம்பூர் மாநகர மையத்தில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களுக்கும் சூழ்ந்த கட்டடங்களுக்கும், புத்ராஜெயாவில் அரசாங்க அலுவலகங்களுக்கும், சைபர்ஜெயாவில் பல அலுவலகங்களுக்கும் இவ்வாறு குளிர்நீர் செல்கிறது. 1998இல் திறக்கப்பட்ட சிப்பாங் விமான நிலையத்துக்காக, எரிவாயுவால் சுழலியை இயக்கி மின்சாரம் எடுத்து, அதன் புகைச் சூட்டால் நீராவி உண்டாக்கி, அந்நீராவியைக் கொண்டே நீரைக் குளிர்விக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. சூட்டைக் கொண்டு குளிரைப் பெறுவது வியப்பாகத் தோன்றினும், உட்கவர்வுக் குளிர்பொறி என்னும் கருவியில் அது நிகழ்கிறது. காப்பாரில் கேட்பாரற்றுப் போகும் சூட்டைப் போன்ற ஒன்று, சிப்பாங்கில் வேலைக்கு அமர்த்தப்பட்டது எனலாம்.

டென்மார்க்கின் பாடம் இங்கே தலைகீழாகப் பொருந்தும். சுடுநீரைத் தேவைக்கு மேல் சூடாக்காதே என்பது அங்குள்ள பாடம்; குளிர்நீரைத் தேவைக்கு மேல் குளிர்விக்காதே என்பது இங்குள்ள பாடம். நீரைக் குளிர்விக்கக் குளிர்விக்க இயந்திரம் மிகுதியாக உழைக்கவேண்டும். எனினும் ஒரு தடை உண்டு. நம் காற்றில் ஈரம் மிகுதி. அறையைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் பிழிந்தெடுக்க வேண்டும். அதற்கு நீர் போதிய அளவு தண்ணென்று இருந்தாக வேண்டும். எவ்வளவு தண்ணென்று என்பதே அளந்து முடிவு செய்யவேண்டியது.

குழாயைப் பொறுத்தவரை வேறுபாடுகள் பல. 6 பாகையில் போய் 13 பாகையில் திரும்பும் நீரின் சராசரி 9.5 பாகை, நம் மண் 28 பாகை எனக் கொண்டால் வேறுபாடு 18.5தான். டென்மார்க்கின் சுடுநீருக்கு இருந்த 52ஐ நோக்க இது சிறிது. ஆயினும் மகிழ்ந்துவிட முடியாது. அங்கே 40 பாகை ஆறும் நீர் செய்த வேலையை இங்கே 7 பாகை சூடாகும் நீர் செய்யவேண்டியிருப்பதால், ஏறத்தாழ ஆறு மடங்கு நீர் ஓடவேண்டும். குழாய்கள் பருத்துவிடும்; நீரை இறைக்கும் செலவும் ஏறும்.

இன்னொன்று ஈரம். சுடுகுழாய் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை வெளியே தள்ளும். குளிர்குழாயோ ஈரத்தைத் தன்பால் இழுக்கும். உறையில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் நீராவி உட்புகுந்து நுரையில் நீராகத் தேங்கும், காப்பு கெடும், இரும்பு துருப்பிடிக்கும். கிள்ளான் கடற்கரைப் பகுதியின் மண்ணோ மென்மையான கடற்களிமண். பாரம் ஏறினால் இறங்கும் இயல்பினது. மண் இறங்கும் இடத்தில் குழாயின் இணைப்புகளே முதலில் வருந்தும். ஐரோப்பியர் காப்புறைக் குழாய்க்கு வகுத்த தரவிதி, சுடுநீருக்கு 30 ஆண்டு ஆயுளை எண்ணியது. அது அவர்கள் மண்ணையும் அவர்கள் தேவையையும் கண்டு எழுதப்பட்டது. நம் களிமண்ணிலும் நம் ஈரத்திலும் குளிர்குழாய் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு அவ்விதி விடை தாராது.

புதைத்த குழாய் கண்ணுக்குத் தெரிவதில்லை. பொல்லாத இணைப்பு ஒன்றைப் புதைத்து மண்ணை மூடினால், புதைத்தவர் போய்விடுவார்; அதன் இழப்புக்கு அடுத்த தலைமுறையினர் மாதந்தோறும் பணம் கட்டுவார்கள். எனவே இந்நாட்டில் குளிர்நீர்க் குழாய் இட வருவோரிடம் விலையை மட்டும் கேட்டால் போதாது. எம் மண்ணில் சோதித்தீரா, எம் பல்கலைக்கழகத்தார் அளவி வைக்க இசைவீரா, அளவுகளை வெளியிடுவீரா என்றும் கேட்கவேண்டும். டென்மார்க்கின் குழாய்த் தொழிற்சாலை ஆராய்ச்சியில் பங்கேற்றதால் நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.

வகுப்பறையில் ஒரு சோதனை

இவ்வுண்மையை மாணவர்க்குக் காட்ட ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரே அளவான மூன்று மைலோ டின்களை எடுத்துக்கொள்க. இரண்டில் 80 பாகைச் சுடுநீரையும், ஒன்றில் 50 பாகை நீரையும் சம அளவில் ஆசிரியரே ஊற்றுக. 80 பாகை டின்களில் ஒன்றுக்கு மட்டும் தடித்த துணியைச் சுற்றுக. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து, கட்டத் தாளில் கோடு வரையச் செய்க. துணி சுற்றாத 80 பாகை நீரின் கோடு செங்குத்தாய் இறங்கும். துணி சுற்றியது மெல்ல இறங்கும். 50 பாகை நீரின் கோடும் தொடக்கத்திலிருந்தே சாய்வு குறைந்திருக்கும். காப்பினாலும் இழப்பைக் குறைக்கலாம், சூட்டைத் தணித்தும் குறைக்கலாம் என்பது பிள்ளைகளுக்குத் தாமே விளங்கும். நான்காவது டின்னில் பனிக்கட்டி நீரை ஊற்றி வைத்தால், சிறிது நேரத்தில் அதன் புறத்தே வேர்வை அரும்பும். அந்த நீர் டின்னுக்குள்ளிருந்து கசிந்ததா, காற்றிலிருந்து வந்ததா என்று கேட்டால், குளிர்குழாயின் முழுத் தொல்லையும் அக்கேள்வியிலேயே அடங்கிவிடும்.

தமிழாசிரியருக்கும் இதில் பணி உண்டு. வெப்பத்தைத் தடுக்கும் உறைக்குத் தமிழில் ‘காப்பு’ என்னும் சொல் முன்னரே இருக்கிறது. காவல் என்பதும் அது. திருவிழாவுக்குக் கையில் கட்டுவதும் அது. புதுச்சொல் தேடி அலையாமல், பிள்ளை அறிந்த சொல்லிலிருந்தே அறிவியலுக்கு வழிகாட்டலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் தெருக்களுக்கு அடியில் இனிப் புதைக்கப்படும் குழாய்களை இணைப்பவராகவும், அவற்றை அளப்பவராகவும், இந்த மண்ணில் இது தாங்குமா என்று கேட்பவராகவும் இன்று நான்காம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை வரக்கூடும். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் மைலோ டின்னிலிருந்தே தொடங்கட்டும்.